பெயர் மாறிய கிருமியும் ஒரு பழைய கட்டுரையும்

1986 பிப்ரவரியில் சென்னையிலிருந்து காட்பாடிக்குப் புறப்பட்ட இரவு ரயிலில் ஒரு சிறு பெட்டியில் பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்த மாதிரிகள் போயின. கொண்டுபோனவர் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா. அந்த ஆய்வில் அவரை இறக்கிவிட்டவர் பேராசிரியர் சுனிதி சாலமன். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்ததில், எய்ட்ஸ் கிருமி இந்தியாவுக்குள் வந்துவிட்டது தெரிந்தது. இந்தக் கதையைப் பலரும் எழுதியாயிற்று. அந்த முடிவுகள் 1987இல் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ இதழில் சில பக்கக் கட்டுரையாக அச்சான பிறகு நடந்ததை யாரும் எழுதுவதில்லை.

கட்டுரையின் தலைப்பில் எச்ஐவி என்ற பெயரே கிடையாது, எச்டிஎல்வி-3 என்றிருக்கிறது. எழுதியவர்கள் மேல் தப்பில்லை. ஒரே கிருமியைப் பாரிஸின் பாஸ்டர் நிலையத்தார் எல்ஏவி என்றார்கள், அமெரிக்காவின் ராபர்ட் கேலோ குழு எச்டிஎல்வி-3 என்றது, சான்ஃபிரான்சிஸ்கோவில் ஏஆர்வி என்றார்கள். முதலில் கண்டுபிடித்தது யார் என்ற சண்டைதான் பெயரிலும் வெடித்தது. 1986 மே மாதம் ஒரு பன்னாட்டுக் குழு எச்ஐவி என்று பஞ்சாயத்தை முடித்தது. அதற்குள் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் பழைய பெயர்களில் அச்சேறிவிட்டன, நம் கட்டுரையைப்போல அதன் பிறகு வந்தவையும் உண்டு.

இவை தொலையாமல் காத்தது அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் பராமரிக்கும் ‘மெஷ்’ என்ற சொற்பட்டியல். அன்று அட்டவணையாளர் ஒருவர் கட்டுரையைப் படித்து, பட்டியலில் உள்ள சொற்களிலிருந்து பத்துப் பன்னிரண்டை அதன்மேல் ஒட்டுவார். சொந்தச் சரக்குக்கு அங்கே இடமில்லை. கட்டுரையின் மையப்பொருள் எதுவோ அந்தச் சொல்லுக்கு ஒரு நட்சத்திரக் குறி. ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்ற தடித்த அச்சுத் தொகுதிகளில் நட்சத்திரம் பெற்ற சொற்களின்கீழ் மட்டுமே கட்டுரை வந்தது.

எச்ஐவிக்கு அந்தப் பட்டியலில் டி006678 என்று ஓர் எண். எச்டிஎல்வி-3, எல்ஏவி, எய்ட்ஸ் வைரஸ் எல்லாம் அதன்கீழ் மாற்றுப்பெயர்களாகப் பதிவாகியிருக்கின்றன. இன்று அந்த நூலகத்தின் இணையத் தேடுதளமான பப்மெட்டில் பழைய பெயரைத் தட்டினாலும் தேடல் இந்த எண்ணுக்கே போகும். பெயர் எத்தனை முறை மாறினாலும் எண் மாறாது என்பதே இந்த ஏற்பாட்டின் சூட்சுமம்.

ஓட்டையும் உண்டு. எய்ட்ஸுக்குத் தனிச்சொல் 1983இல்தான் பட்டியலில் ஏறியது. 1981இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அபூர்வ நிமோனியாவைப் பற்றிய அறிக்கையோடு தொடங்கிய முதல் இரண்டாண்டுக் கட்டுரைகளைத் தேடுபவர், நிமோசிஸ்டிஸ் நிமோனியா, கப்போசி சார்க்கோமா என்று அன்றைய சொற்களைக் கொண்டு துழாவவேண்டும்.

பட்டியலும் சும்மா இருப்பதில்லை. நம் கட்டுரையில் பரிசோதிக்கப்பட்ட பெண்களைக் குறிக்க அன்று ‘விபசாரம்’ என்ற பொருள்படும் சொல்தான் அதில் இருந்தது. இப்போது அது ‘பாலியல் தொழில்’. ஆண்டு மாறும்போது இத்தகைய திருத்தங்களைப் பழைய பதிவுகளுக்குள்ளும் போய்ச் செய்துவிடுகிறார்கள். கட்டுரைத் தலைப்பில் மட்டும் 1987இன் சொல் அப்படியே நிற்கிறது. அதில் கைவைக்க நூலகத்துக்கு உரிமையில்லை.

2022 முதல் சொல் ஒட்டும் வேலையைக் கணினி நிரலே செய்கிறது. தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் மனிதர்கள் சரிபார்க்கிறார்கள். மாதக்கணக்கில் காத்திருந்தது ஒரு நாளாகச் சுருங்கிவிட்டது, நல்லதுதான். ஆனால் மனிதர்கள் முன்பு ஒட்டியதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட நிரல் அது. பட்டியலில் பெயரே இல்லாத நோய் ஒன்று நாளை வந்தால், 1981இல் மனிதர்கள் செய்ததைப்போல அதையும் ஏதோவொரு நிமோனியாவின் கீழ்தான் நிரல் போட்டுவைக்கும்.