"மூக்கு இருக்கேக்க இது எதுக்கு சேர்?"

கொஞ்சம் நீண்ட பதிவு.

போன கிழமை தொழில்நுட்பப் பாடத்தில் எம்.கியூ-2 வாயு உணரியைக் காட்டினேன். பின்வாங்கில் இருந்து வந்த கேள்விதான் மேலே இருப்பது.

எனக்கு 2021 நவம்பர் ஞாபகம் வந்தது. நாடு முழுக்கக் கேஸ் அடுப்புகள் வெடித்த காலம். வவுனியாவில் நாங்களும் சிலிண்டரை முற்றத்தில் வைத்துவிட்டு விறகுக்குத் திரும்பினோம். வன்னிக்கு விறகு புதிதா என்ன! ஆராய்ந்த பேராசிரியர் சாந்த வல்பொல குழு, வாயுக் கலவை மாறியதையே முக்கிய காரணமாகச் சொன்னது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடும்.

பிறகு கேஸ் திரும்ப குசினிக்கு வந்தது. ஆனால் கொரோனாவுக்குப் பிறகு உம்மாவுக்கு மணம் தெரியாது. கருவாடு பொரித்தாலும் தெரியாது. சஹருக்கு முதலில் எழும்பி அடுப்பு மூட்டுவது அவதான்.

கேஸுக்கு இயல்பில் மணமே இல்லை. நாம் மணப்பது, வேண்டுமென்றே சேர்க்கும் மேர்கப்டான். அந்த வழக்கம் பரவக் காரணம் ஒரு பள்ளிக்கூடம். 1937 மார்ச் 18, டெக்சாஸின் நியூ லண்டன் பாடசாலை. கட்டடத்தின் கீழ் தேங்கிய மணமற்ற இயற்கை வாயு வெடித்து ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். பொறி வந்தது கைவேலை வகுப்பின் மின்கருவியில் இருந்து என்கிறார்கள். அதே மாதிரி வகுப்பை நடத்துகிறவன் நான். இதை வாசித்த அன்று நித்திரை வரவில்லை.

மூக்கை நம்பாத வழி யப்பானில் பிறந்தது. அங்கே வீடுகளுக்குச் சிலிண்டர் பரவ, வெடிவிபத்துகளும் பெருகின. 1962இல் கியூஷூ பல்கலைக்கழகத்தின் செய்யாமா குழு, வாயு பட்டால் நாக ஒட்சைட்டுப் படலத்தின் மின்கடத்துதிறன் மாறுவதை வெளியிட்டது. அதே ஆண்டு தாகுச்சி நவோயோஷி வெள்ளீய ஒட்சைட்டு உணரிக்குக் காப்புரிமை கேட்டார். 1969இல் ஃபிகாரோ நிறுவனம் உருவானது. எங்கள் மேசையில் இருந்த உணரியும் அந்த வெள்ளீய ஒட்சைட்டு வகைதான்.

வேலை செய்யும் விதம் அழகு. சூடான ஒட்சைட்டின் மேல் காற்றின் ஒட்சிசன் ஒட்டி, இலத்திரன்களைப் பிடித்து வைக்கும், தடை உயரும். கேஸ் வந்தால் அந்த ஒட்சிசனோடு தாக்கமடையும். இலத்திரன்கள் விடுபட, தடை விழும். அலாரம் கத்தும். சனிடைசர் பூசிய கை கிட்டப் போனாலும் கத்தும், எது கேஸ் எது மதுசாரம் என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது.

வகுப்பில் செய்தது பாடத்துக்கு. வீட்டுக்குத் தயாரான அலாரம் வாங்கினேன். முதலில் சுவரில் உயரப் பூட்டி வைத்தேன், வெட்கக்கேடு! இந்தக் கேஸ் காற்றை விடப் பாரமானது, நிலத்தோடுதான் தவழும். இப்போது நிலத்தில் இருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது.

"கறண்ட் போனா?" என்று உம்மா கேட்டா. உள்ளே இருக்கும் சூடாக்கிக்குச் சின்னப் பற்றரி கனநேரம் தாங்காது. அதுதான் இந்தத் தவணை உயர்தரப் பிள்ளைகளுக்குக் கொடுத்த செயற்றிட்டம்.