தானியமும் நாணயமும்

ரமலான் பிறை இருபதைக் கடந்துவிட்டால், படப்பைக் கடைத்தெருவில் என்னை நிறுத்திக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. “ஹஜ்ரத், ஃபித்ராவை அரிசியாகக் கொடுப்பதா, பணமாகக் கொடுப்பதா?” முப்பதாண்டுகளாக ஓதிக்கொடுக்கும் தொழிலில் இருப்பவனுக்கு இக்கேள்வி புதிதன்று. ஷாஃபிஈ மத்ஹபின்படி ஊரார் உண்ணும் முக்கிய உணவுத் தானியத்தையே கொடுத்தல் வேண்டும். ஹனஃபி மத்ஹபின்படி அதன் கிரயத்தைக் கொடுத்தாலும் நிறைவேறும். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து தாம்பரம் பக்கம் குடிவந்தோர்க்கு ஒரு விடையும், இங்குள்ள ஹனஃபிகளுக்கு மற்றொரு விடையும் சொல்லி அனுப்பிவிடுவேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருநாளின் மறுநாள், மளிகைக் கடையொன்றில் நின்றிருந்தேன். நாங்கள் சில நண்பர்கள் கூடி வழங்கிய அரிசிப் பை ஒன்றைக் கொண்டுவந்து ஒரு மூதாட்டி கடைக்காரரிடம் விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் வாங்கிய விலையில் பாதிகூட அவருக்குக் கிடைக்கவில்லை. என்னைக் கண்டதும் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு, “மாத்திரை வாங்கணும் ஹஜ்ரத்” என்றார். அன்று முதல் அந்தக் கேள்வியை நான் வேறு விதமாகக் கேட்கத் தொடங்கினேன். கொடுப்பவனின் கடமை எதனால் நிறைவேறும் என்று மட்டும் கேட்டு வந்தவன், பெறுபவரின் தேவை எதனால் நிறைவேறும் என்றும் கேட்டேன். இவ்விரண்டாம் கேள்விக்கு நம் வரலாற்றிலும், நமக்கு அண்மையிலுள்ள இலங்கையின் அனுபவத்திலும் பாடங்கள் நிறைய உள்ளன.

யமனில் ஒரு முன்னோடி

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களால் யமனுக்கு அனுப்பப்பட்ட முஆத் இப்னு ஜபல் (ரலி), வாற்கோதுமைக்கும் சோளத்துக்கும் பகரமாகத் துணிகளை ஸகாத்தாகத் தாருங்கள் என்று அந்நாட்டாரிடம் கேட்டதாக ஒரு செய்தி உண்டு. கொடுப்போர்க்கு அது எளிது, மதீனாவிலுள்ள தோழர்களுக்கு அதுவே அதிகம் பயன்படும் என்பது அவர் கூறிய காரணம். யமன் நெசவுக்குப் பேர்போன நாடு. மதீனாவிலோ துணிக்குத் தட்டுப்பாடு. இமாம் புகாரி (ரஹ்) இதனைத் தம் தொகுப்பில் எடுத்துக்காட்டியுள்ளார். இதை அறிவிக்கும் தாவூஸ் (ரஹ்), முஆத் (ரலி) அவர்களைச் சந்தித்ததில்லை ஆகையால் தொடரைப் பற்றிய ஆய்வும் உண்டு; இது ஸகாத்தைக் குறித்ததன்று என விளக்கம் கூறிய ஷாஃபிஈ அறிஞர்களும் உளர். சட்ட முடிவை மத்ஹபுகளுக்கே விட்டுவிடுவோம். பெறுவோர்க்கு எது பயன்படும் என்ற வினா அத்துணைத் தொன்மையானது என்பதே நாம் இங்குக் கருத வேண்டுவது.

அடுத்து வந்தது பதிவேடு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ‘தீவான்’ எனும் பெயர்ப் பதிவேட்டை ஏற்படுத்தியது ஹிஜ்ரி 15இல் என்பாரும் 20இல் என்பாரும் உளர். வமிசாவளி அறிந்த அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நவ்ஃபல், ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) ஆகிய மூவரை அமர்த்திப் பெயர்களை எழுதச் செய்தார்கள். பதிவானவர்களுக்கு ஆண்டுதோறும் நாணயமும், மாதந்தோறும் தானியமும் பைத்துல் மாலிலிருந்து வழங்கப்பட்டன.

எனினும், எங்கும் எப்போதும் பணமே சிறந்தது என்று கொள்வதற்கில்லை. ஹிஜ்ரி 18இல், ‘ரமாதா’ எனப்படும் சாம்பல் ஆண்டில், மழை பொய்த்து ஹிஜாஸ் வாடியபோது நாணயத்தை வைத்துக்கொண்டு வாங்குவதற்குச் சந்தையில் ஒன்றுமில்லை. கலீஃபா வெளி மாகாண ஆளுநர்களுக்கு எழுதி உணவை வரவழைத்தார்கள். ஷாமிலிருந்து அபூ உபைதா (ரலி) நாலாயிரம் ஒட்டகச் சுமை கொணர்ந்தார் என்பர் வரலாற்றாசிரியர். சந்தை உயிரோடிருந்தால் நாணயம், சந்தை மடிந்துவிட்டால் தானியம் என்ற இன்றைய நிவாரண விதி அன்றே நடைமுறையில் இருந்திருக்கிறது.

கடலுக்கு அப்பால்

1983க்குப் பின் இலங்கையிலிருந்து நம் கரையேறிய அகதிகளுக்கு மண்டபம் முதலிய முகாம்களில் தமிழக அரசு மாதந்தோறும் பணக்கொடையும் குறைந்த விலையில் அரிசியும் வழங்கிவந்ததை வாசகர்கள் அறிவர். 2021இல் குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயாக இருந்த மாதத்தொகை 1,500 ஆகவும், ஏனைய பெரியவர்களுக்கு 750 ரூபாய் 1,000 ஆகவும், சிறுவர்களுக்கு 400 ரூபாய் 500 ஆகவும் உயர்த்தப்பட்டன. அகதி முகாம் என்ற பெயரும் அவ்வாண்டே மறுவாழ்வு முகாம் என மாறியது.

இலங்கைக்குள்ளேயே இடம்பெயர்ந்தோரின் கதை இதனினும் நீண்டது. 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30 அன்று கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். உடுத்திய துணியோடு, கையில் கொண்டுசெல்லும் பணத்துக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. ஓரிடத்தில் 150 ரூபாய், பிறிதோரிடத்தில் 500. தலைமுறை தலைமுறையாய் வாணிபம் செய்தவர்கள், தையற்காரர்கள், மீனவர்கள், ஆசிரியர்கள் என எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு மாதத்துக்குள் ஏதிலிகளாயினர். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் கொட்டகைகளில் தங்கினர். அரிசி, மாவு, பருப்பு என உலர் உணவுப் பங்கீட்டில் அவர்கள் வாழ்வு ஆண்டுக்கணக்கில் கழிந்தது. பிறந்த குழந்தை பங்கீட்டு அட்டையோடு வளர்ந்து மணமுடித்தது என்றால் மிகையன்று.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரண நிறுவனங்களின் சிந்தனையில் மாற்றம் வந்தது. பாதிக்கப்பட்ட கரையோரத்தில் 2005-06இல் உலக உணவுத் திட்டம் ஒரு சோதனை நடத்தியது. சில குடும்பங்களுக்கு வழக்கம்போல உணவுப் பொருள்கள். வேறு சில குடும்பங்களுக்கு அதற்கீடான பணம். பணத்தைக் கொடுத்தால் குடித்தும் வீணடித்தும் அழிப்பார்கள் என்று அஞ்சியோர் பலர். ஆய்வு காட்டியதோ வேறு. பணம் பெற்ற வீடுகளில் வெறும் அரிசியும் கோதுமையும் உண்பது குறைந்து, இறைச்சியும் பாலும் கூடின. படப்பை மூதாட்டி தம் அரிசிப் பையால் எனக்குச் சொன்னதை அங்குள்ள தாய்மார் தம் அடுக்களையால் சொன்னார்கள் எனலாம்.

வீடு கட்டும் பணியிலும் அம்முறை பரவியது. அலையால் முற்றிலும் அழிந்த வீட்டுக்கு 2,50,000 இலங்கை ரூபாய் நான்கு தவணைகளிலும், சேதமுற்ற வீட்டுக்கு 1,00,000 ரூபாய் இரு தவணைகளிலும் உரிமையாளர்களுக்கே வழங்கப்பட்டன. மாத்தறையிலும் திருகோணமலையிலும் சுவிட்சர்லாந்தின் நிறுவனங்கள் ஒன்றுகூடி இப்பணத்தை வழங்கின.

உள்நாட்டுப் போரின் இறுதி மாதங்களில், 2009இல், வன்னிக்குள் சிக்கியிருந்தோர்க்குப் பணத்தால் ஆவது ஒன்றுமில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் கப்பல் வழியே புதுமாத்தளன் கரைக்குப் போன உணவே அவர்களுக்கு உணவு. சாம்பல் ஆண்டின் பாடம் அங்கு மறுபடியும் மெய்யாயிற்று. போர் ஓய்ந்து, மக்கள் ஊர் திரும்பி, கடைகள் திறந்த பின்னர், அகதிகளுக்கான ஐ.நா. ஆணையம் திரும்பிய குடும்பங்களுக்கு 25,000 ரூபாய் கொட்டகைத் தொகை வழங்கியது. தகரமா, மரமா, கதவா என்று தீர்மானிப்பது குடும்பத்தின் பொறுப்பாயிற்று.

மூவர் கையில் ஒரு பணி

இவ்வரலாற்றில் மிகப் பெரிய முயற்சி இந்திய வீடமைப்புத் திட்டம். மொத்தம் 50,000 வீடுகள். முதலில் ஒப்பந்தக்காரர்களைக் கொண்டு 1,000 வீடுகள் கட்டி, 2012 ஜூலையில் முடித்தனர். அடுத்து, அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் முறை மாறியது. வடக்கிலும் கிழக்கிலும் 45,000 வீடுகளுக்கு, உரிமையாளரே கட்டிக்கொள்ளும்படி வீடொன்றுக்கு 5,50,000 இலங்கை ரூபாயும், பழுதுபார்க்க 2,50,000 ரூபாயும் ஒதுக்கப்பட்டன. எஞ்சிய 4,000 வீடுகள் மலையகத் தோட்டப் பகுதிகளுக்கு.

இதில் கவனிக்கத்தக்கது பணம் சென்ற பாதை. ஐ.நா. குடியிருப்புத் திட்டம், செஞ்சிலுவை-செம்பிறைச் சங்கங்கள், ஹாபிடாட் நிறுவனம், இலங்கை அரசின் தேசிய வீடமைப்பு அதிகாரசபை ஆகியவை பங்காளிகள். அவர்களுடைய அலுவலர்கள் தளத்துக்குச் சென்று அஸ்திவாரம் முடிந்ததா, சுவர் எழுந்ததா, கூரை ஏறியதா என்று பார்த்துச் சான்றளிப்பர். சான்று வந்தபின் கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகம் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகத் தவணையைச் செலுத்தும். சான்றளிப்பவர் கையில் பணமில்லை. பணம் தருபவர் தளத்தைத் தாமே அளப்பதில்லை. கொத்தனாரோடு பேரம் பேசுவதோ வீட்டுக்காரர். ஒருவர் பிழையை மற்றவர் காணும்படி இப்பணி பகிரப்பட்டிருந்தது. பல நிறுவனங்கள் கூடிச் செய்யும் பணிக்குத் தலைமை தாங்குவோர் முதலில் கற்க வேண்டிய இலக்கணம் இதுவே.

குறைகளும் இருந்தன. கல், மணல், கூலி விலைகள் ஏறின; நல்ல வீடு கட்டும் ஆசையில் பலர் கடன்பட்டனர். கணவரை இழந்த பெண்கள் ஆட்பலமின்றித் திண்டாடினர். பெரிய குடும்பங்களுக்கு முன்னுரிமை தந்த புள்ளிக் கணக்கில், தனித்திருந்த முதியோர் பின்தங்கினர் என்ற முறையீடும் எழுந்தது. பணத்தைக் கொடுத்ததோடு பொறுப்புத் தீர்ந்தது என்று எண்ணும் எந்த நிவாரணமும் இங்கே இடறும்.

எழுதப்படாத பெயர்கள்

எல்லாவற்றினும் பெரிய இடறல் பட்டியலில்தான். போர் முடிந்தபின் இடம்பெயர்ந்தோரை இரு கூறாக்கினார்கள். 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தோர் ‘புதியவர்’. அதற்கு முற்பட்டோர் ‘பழையவர்’. மீள்குடியேற்றத்திலும் உதவியிலும் முதலிடம் புதியவர்க்கு. அவர்களது துயரம் பெரிது, அவசரமானது; அதில் ஐயமில்லை. ஆனால் 1990இல் 150 ரூபாயோடு புறப்பட்டவர் பழையவராயினர். இருபதாண்டுகளில் ஒரு குடும்பம் இரண்டாய், மூன்றாய்ப் பெருகியிருந்தது. பட்டியலோ அன்றிருந்த ஒரு குடும்பத்தையே அறியும். நிலம் காடாகிக் கிடந்தது. ஊர் திரும்பினால் புத்தளத்துப் பதிவு போய்விடும். திரும்பாவிட்டால் ஊரில் உரிமை போய்விடும். அவர்களுக்கு முதன்மையான கேள்வி தானியமா, நாணயமா என்பதன்று. தம் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது என்பதே.

முஆத் (ரலி) துணி கேட்ட அதே யமனில் இன்றைய காலத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. போர் மூண்டு, அரசு செயலிழந்து, மக்கள் பசித்திருந்தபோது, 2017 முதல் யுனிசெஃப் நிறுவனம் உலக வங்கியின் நிதியைக் கொண்டு சுமார் 15 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் வழங்கியது. இரு தரப்பாரின் ஆட்சிப் பகுதிகளிலும் வங்கிகள் வழியே அப்பணம் போய்ச் சேர்ந்தது அரிய சாதனை. அதற்கு அடிப்படையாக அமைந்தது போருக்கு முன் சமூக நலநிதி தயாரித்து வைத்திருந்த பட்டியல். கையிலிருந்த ஏட்டைப் பயன்படுத்தியதால் விரைவாகத் தொடங்க முடிந்தது. அதே காரணத்தால், போரால் புதிதாக ஏழையானவர், ஊரைவிட்டு ஓடியவர், அந்த ஏட்டில் இல்லை.

இப்போது உமர் (ரலி) அவர்களின் தீவானுக்குத் திரும்புவோம். பால்குடி மறந்த குழந்தைக்கே உதவித்தொகை என்பது முதலில் அவர்கள் வகுத்த விதி. ஓரிரவு மதீனாவுக்கு வெளியே தங்கியிருந்த வணிகர் கூட்டத்துக்குக் காவலிருந்தபோது ஒரு குழந்தை ஓயாது அழக் கேட்டார்கள். தாயைப் பன்முறை கேட்டதில் உண்மை வெளிப்பட்டது. தொகை விரைவில் கிடைக்கட்டும் என்று அவள் காலத்துக்கு முன்பே பாலை நிறுத்தியிருந்தாள். விதியை வகுத்தவரே தம்மெதிரில் நிற்கிறார் என்பதை அவள் அறியாள். அன்று ஸுப்ஹு தொழுகையில் அவர்கள் ஓதியது அழுகையினால் மக்களுக்கு விளங்கவில்லை என்பர். தொழுகை முடிந்ததும் பிறந்த நாள் முதலே தொகை உண்டு என்று அறிவித்து, எல்லா மாகாணங்களுக்கும் எழுதினார்கள். பட்டியல் வகுத்தவர் இரவில் எழுந்து நடந்ததால் அக்குழந்தையின் அழுகை அவர் காதில் விழுந்தது. தம் விதியே பிழை என்று கண்டதும் மறுநாள் வரைகூட அவர் காத்திருக்கவில்லை.

சென்ற ரமலானுக்கு முன் எங்கள் பழைய ஃபித்ரா நோட்டை எடுத்துப் பார்த்தேன். மவுத்தானவர்களின் பெயர்கள் சில அடிக்கப்படாமலே இருந்தன. ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, படப்பையில் ஓர் அறையில் எட்டுப் பேராய்த் தங்கியிருக்கும் பிள்ளைகளில் ஒருவர் பெயரும் இல்லை. நோட்டை எழுதியது நான்தான். நண்பர்கள் இருவரை அழைத்துக்கொண்டு, தராவீஹுக்குப் பின் தெருத் தெருவாக நடந்தோம். மாத்திரைக்காக அரிசி விற்ற மூதாட்டியின் வீடும் வழியில் வந்தது. “அரிசி வேண்டுமா, காசு வேண்டுமா?” என்று கேட்டோம். சற்று யோசித்து, “இந்த வருஷம் அரிசியே கொடுங்க, பேரப்பிள்ளைங்க வந்திருக்கு” என்றார். அவர் சொன்னதை அவர் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனோம்.