மருந்தின் விலையும் அரச கொள்கையும்

இலவச வைத்தியம் பற்றிப் பெருமையோடு பேசுவோர், அதற்கு வேண்டிய மருந்து யாரிடமிருந்து, எவ்விலைக்குப் பெறப்பட்டது என்பதைப் பெரும்பாலும் கேட்பதில்லை. இலங்கை அரச வைத்தியசாலைகளில் 1951இல் கட்டணம் நீக்கப்பட்டது. மருந்துகளோ அந்நியச் செலாவணியிலேயே வாங்கப்பட்டன. ஒரே மருந்து பல வணிகப்பெயர்களில், வெவ்வேறு விலைகளில் வந்திறங்கியது.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே. கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அவர் 1971இல் சமர்ப்பித்த அறிக்கையை அடியொற்றி அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் எழுந்தது. அவரே அதன் முதல் தலைவரானார். ஏறத்தாழ 2,100 ஆக இருந்த மருந்து வகைகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. உலகளாவிய கேள்விப்பத்திரங்கள் மூலம் மொத்தக் கொள்வனவு நடந்தது. மருந்துகளைப் பொதுப்பெயரால் எழுதுமாறு வற்புறுத்தப்பட்டது. கம்பனிகள் எதிர்த்தமை வியப்பன்று. வைத்தியர் சிலரும் தாம் விரும்பியதை எழுதும் உரிமை பறிபோவதாக வாதிட்டனர். நோயாளியின் வாங்கும் உரிமை (அது ஏழையிடம் எப்போது இருந்தது?) அவ்வாதத்தில் இடம்பெறவில்லை.

1977இல் ஆட்சி மாறியது. தனியார் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது. அதே ஆண்டில் பிபிலே கயானாவிற் காலமானார். மருந்து ஒழுங்குமுறைக்கென ஒரு தேசிய அதிகாரசபை, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் வழியாகவே உருவாயிற்று.