வாக்குச்சீட்டுக்கு வந்த கருக்கலைப்பு

1970 நவம்பர் தேர்தல் நெருங்கிய நேரம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சாலையோர விளம்பரப் பலகைகளில் நான்கு மாதக் கருவின் படம் ஒன்று எழுந்தது. கொல்வதானால் 20-ஆம் தீர்மானத்தைக் கொல்லுங்கள், என்னை விட்டுவிடுங்கள் என்று அந்தக் கருவே கெஞ்சுவதுபோல வாசகம். (தலைநகர் வாஷிங்டன் அல்ல இது, பசிபிக் கரையில், சியாட்டில் நகரம் இருக்கும் மாநிலம்.)

தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே கருக்கலைப்பு என்பதுதான் அங்கே பழைய சட்டம். அதைத் தளர்த்தும் மசோதாவை நிறைவேற்றிய சட்டமன்றம், முடிவைத் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் 20-ஆம் தீர்மானமாக வாக்காளர்களிடம் அனுப்பியது. எந்தப் பக்கம் கை தூக்கினாலும் அடி விழும் விஷயம் என்றால், பாரத்தை மக்கள் தலையில் இறக்குவது உறுப்பினர்களுக்கு வசதிதானே!

மக்கள் தயங்கவில்லை. 56 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு. கருக்கலைப்பை அமெரிக்காவில் வாக்காளர்களே சட்டபூர்வமாக்கியது அதுதான் முதல் முறை. ஆனால் நிபந்தனைகளைப் படித்தால் அந்தக் காலம் புரியும்: மாநிலத்தில் 90 நாள் குடியிருந்திருக்க வேண்டும், கணவனோடு வாழும் பெண் என்றால் அவன் சம்மதம் வேண்டும், 18 வயதுக்குட்பட்ட மணமாகாத பெண் என்றால் பாதுகாவலரின் சம்மதம். உரிமை அவளுக்கு, கையெழுத்து அவனுக்கு!

இதே அலை எல்லா இடத்திலும் அடித்துவிடவில்லை. 1972-இல் மிச்சிகனும் வடக்கு டகோட்டாவும் பெரும் வித்தியாசத்தில் மறுத்தன. அடுத்த ஜனவரியில் ரோ என்ற வழக்கின் தீர்ப்பு வந்து, கருக்கலைப்பு நாடு முழுவதற்கும் உரிமை என்றது உச்ச நீதிமன்றம். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2022 ஜூனில், அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய, கேள்வி மறுபடி மாநிலங்களின் வாசலுக்கு வந்தது.

இந்த முறை சண்டை கருக்கலைப்பைப் பற்றி மட்டும் நடக்கவில்லை. வாக்கெடுப்பின் விதிகளைப் பற்றியும் நடந்தது. ஒஹையோ மாநிலத்தில் குடிமக்கள் கையெழுத்து திரட்டி அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவரும் வழி 1912 முதல் உண்டு. பாதிக்கு மேல் வாக்கு கிடைத்தால் போதும். கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் 2023 நவம்பருக்குத் தயாராகி வந்தது. அதற்குள், ஆளும் குடியரசுக் கட்சியினர் அந்தப் பாதியை 60 சதவீதமாக உயர்த்தக் கேட்டு ஆகஸ்டிலேயே தனி வாக்கெடுப்பு வைத்தார்கள். கூட்டம் வராது, செலவு வீண் என்று சொல்லிப் பெரும்பாலான ஆகஸ்ட் தேர்தல்களை அதே சட்டமன்றம் ஒழித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன!

வேலை பலிக்கவில்லை. ஆகஸ்டில் 57 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பரில் அநேகமாக அதே 57 சதவீதம் பேர் கருக்கலைப்பு உரிமைக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். 60 சதவீத விதி வந்திருந்தால் அந்தத் திருத்தம் தோற்றிருக்கும்.

அப்படித் திருத்தம் தோற்ற மாநிலமும் உண்டு: ஃபுளோரிடா. 2024 நவம்பர் 5 அன்று மிசௌரியில் 52 சதவீதத்தைக்கூடத் தொடாத ஆதரவோடு உரிமை வென்றது. அதே நாளில் ஃபுளோரிடாவில் 57 சதவீதம் பெற்றும் தோற்றது. அங்கே 60 சதவீதம் வேண்டும். அந்த 60 சதவீத விதியை 2006-இல் ஃபுளோரிடா வாக்காளர்கள் ஏற்றபோது, அதற்கு ஆதரவாக விழுந்த வாக்கு 58 சதவீதத்துக்கும் குறைவு.