டிராம்பே ஊழியர்கள் காக்க முயன்ற ஹோமி பாபா இல்லம்: ‘மெஹ்ராங்கிர்’ மறைந்தது எப்படி?

மும்பை: டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம், அதன் நிறுவனரான ஹோமி ஜஹாங்கீர் பாபாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால், அவர் வாழ்ந்த குடும்ப இல்லம் இன்று இல்லை. மலபார் ஹில் பகுதியில் இருந்த ‘மெஹ்ராங்கிர்’ பங்களா 2014-ஆம் ஆண்டு 372 கோடி ரூபாய்க்கு ஏலம் விடப்பட்டு, 2016-ஆம் ஆண்டு இடிக்கப்பட்டது. அதனை நினைவு இல்லமாக மாற்றக் கோரி நீதிமன்றத்தை நாடியவர்களில் டிராம்பே மையத்தின் ஊழியர்களும் இருந்தனர்.

வீடும் நிறுவனமும்

தாயார் மெஹர்பாய், தந்தை ஜஹாங்கீர் ஆகியோரின் பெயர்களை இணைத்தே இந்த இல்லத்திற்கு மெஹ்ராங்கிர் எனப் பெயரிடப்பட்டது. பாபாவின் வாழ்வில் வீட்டையும் நிறுவனத்தையும் பிரித்துப் பார்க்க இயலாது. 1945-இல் பெங்களூருவில் தொடங்கிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் மும்பைக்கு இடம்பெயர்ந்தபோது, முதலில் இயங்கியது பெடர் சாலையில் உள்ள ‘கெனில்வொர்த்’ கட்டடத்தில்தான். 1909-இல் பாபா பிறந்ததும் அதே வீட்டில்தான்.

டிராம்பேயில் அணுசக்தி நிலையம் 1954-இல் நிறுவப்பட்டது. ஆசியாவின் முதல் அணு உலையான ‘அப்சரா’ 1956 ஆகஸ்ட் 4 அன்று அங்கு செயல்படத் தொடங்கியது. 1966 ஜனவரி 24 அன்று ஆல்ப்ஸ் மலையில் நேர்ந்த விமான விபத்தில் பாபா உயிரிழந்தார். மறு ஆண்டு டிராம்பே நிலையத்திற்கு அவரது பெயர் சூட்டப்பட்டது.

ஏலமும் வழக்கும்

பாபாவுக்குப் பின் மெஹ்ராங்கிர் இல்லம் அவருடைய தம்பி ஜாம்ஷெட் பாபாவின் பராமரிப்பில் இருந்தது. தேசிய நிகழ்த்துகலை மையத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான அவர், அந்த இல்லத்தை அம்மையத்திற்கே விட்டுச் சென்றார். 2007-இல் அவர் காலமானார். 2014 ஜூன் 18 அன்று மையம் அதனை ஏலம் விட்டது. 257 கோடி ரூபாய் என நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை விலையை விட 115 கோடி ரூபாய் அதிகமாக ஏலத்தொகை கிடைத்தது.

பங்களாவைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்து, அங்கு அருங்காட்சியகம் அமைக்க வேண்டும் என மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்யப்பட்டது. பாரத ரத்னா விருது பெற்ற விஞ்ஞானி சி.என்.ஆர். ராவும் இக்கோரிக்கையை ஆதரித்தார். எனினும், ஏலத்திற்குத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

வீட்டைப் பெற்ற கலை மையத்திற்கு அதனை விற்கும் உரிமை இருந்தது. அந்த உரிமையைக் கட்டுப்படுத்தக்கூடிய பாரம்பரியத் தகுதி வீட்டிற்கு முன்னரே வழங்கப்படவில்லை.

பாதுகாப்பு எப்போது கிடைக்கும்?

1958-ஆம் ஆண்டின் தொல்பொருள் சின்னங்கள் சட்டத்தின்படி, குறைந்தது நூறு ஆண்டுகள் பழமையான கட்டடங்களே பழமையான நினைவுச் சின்னங்களாகக் கருதப்படும். அவற்றுள் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவையாக அறிவிக்கப்பட்டவற்றுக்கு மத்திய அரசின் பாதுகாப்பு கிடைக்கிறது.

மும்பையில் இதற்கு மற்றொரு வழியும் உள்ளது. 1995-இல் நடைமுறைக்கு வந்த பாரம்பரிய விதிமுறைகளின்கீழ், நகரின் முக்கியக் கட்டடங்கள் மூன்று நிலைகளாகப் பட்டியலிடப்பட்டன. பட்டியலில் உள்ள தனியார் வீடுகளையும் அனுமதியின்றி இடிக்கவோ மாற்றியமைக்கவோ இயலாது. மெஹ்ராங்கிர் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை.

கும்பகோணம் காட்டிய வழி

கணித மேதை ராமானுஜன் வளர்ந்த கும்பகோணம் வீட்டின் கதை வேறு. சாரங்கபாணி சன்னதி தெருவில் திண்ணையுடன் உள்ள அந்தச் சிறிய ஓட்டு வீட்டை 2003-இல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கிப் புதுப்பித்தது. இன்று அது பொதுமக்கள் சென்று பார்க்கும் நினைவு இல்லமாக உள்ளது.

லண்டனில் அம்பேத்கர் மாணவராக வசித்த வீட்டை மகாராஷ்டிர அரசு 2015-இல் விலைக்கு வாங்கி நினைவு இல்லமாக்கியது. மெஹ்ராங்கிர் ஏலம் போன மறு ஆண்டில் நடந்தது இது.

இவ்விரு வீடுகளும் நிலைத்திருப்பதற்குக் காரணம், அவற்றின் பெருமையை உணர்ந்த ஒரு நிறுவனம் உரிய நேரத்தில் உரிமையாளராக மாறியதே. மெஹ்ராங்கிர் இல்லத்தின் மதிப்பை டிராம்பே ஊழியர்கள் உணர்ந்திருந்தனர். ஆனால், அவர்களின் குரல் நீதிமன்றத்தை எட்டியபோது வீடு ஏலத்திற்கு வந்துவிட்டது.