வெயில் காத்த வரலாறு

தை முதல் நாளில் புதுப்பானையில் பொங்கலிட்டு ஞாயிற்றை வணங்கும் குடி நம் குடி. அக்குடியினரே சித்திரைத் திங்களின் நண்பகலில் அதே ஞாயிற்றுக்கு அஞ்சி, தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு நிழல் தேடி ஒதுங்குகின்றனர். வணக்கத்திற்குரியதே அச்சத்திற்கும் உரியதாக இருத்தல் புதுமையன்று. நெருப்பும் நீரும் அத்தகையனவே. அவற்றோடு கூடி வாழும் முறையை மக்கள் எங்ஙனம் கற்றனர் என்பது வரலாற்றின் சுவைமிக்க பகுதிகளுள் ஒன்றாகும்.

நாகபுரியில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்தினராகிய நாம் வெயிலைப் புதிதாக அறிந்தவர் அல்லோம். ஆயினும் 45 பாகையையும் தாண்டிச் செல்லும் இவ்விதர்ப்ப நாட்டு வெயில், மாலையில் கடற்காற்று வந்து தணிக்கும் நம் சென்னை வெயில் போன்றதன்று. மே மாதத்தின் இறுதியில் ஒரு நாள் ஞாயிறு நம் உச்சிக்கு நேராக வந்து நிற்க, நட்ட கோலுக்கும் நிழல் இல்லாது போகிறது. இத்தகைய ஊரில், நம் காலனி இல்லங்களில் அண்மைக் காலமாக ஒரு வினா எழுந்து வருகிறது. கடைகளில் விற்கும் சன்ஸ்கிரீன் என்னும் வெயில்தடுப்புக் களிம்பில் பல இரசாயனங்கள் கலந்துள்ளனவாமே. அதற்கு மாற்றாகத் தீங்கற்ற இயற்கைப் பொருள் ஒன்று நம் அடுக்களையிலோ நாட்டு மருந்துக் கடையிலோ இல்லையா என்பதே அவ்வினா. விடை காணும் பொருட்டு வரலாற்றின் ஏடுகளைச் சற்றே புரட்டுவோம்.

முதற்கண் வெயிலின் இயல்பை அறிதல் வேண்டும். வெயிலில் சூடு வேறு. தோலைச் சுடும் கதிர் வேறு. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூலறிஞர், கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிரைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் யோஹான் ரிட்டர், ஊதா நிறத்துக்கும் அப்பால் வெள்ளி உப்பைக் கறுக்கச் செய்யும் வேறொரு கதிர் உண்டெனக் கண்டார். அதுவே புற ஊதாக் கதிர். 1820-இல் எவரார்டு ஹோம் என்னும் ஆங்கில மருத்துவர் ஓர் எளிய சோதனை செய்தார். தம் கைகளை வெயிலில் நீட்டி, ஒன்றை மட்டும் கறுப்புத் துணியால் மூடினார். துணியின் கீழிருந்த கையில் சூடு மிகுதி. எனினும் அது புண்படவில்லை. மூடாத கையோ, சூடு குறைவாக இருந்தும், வெந்து கொப்புளித்தது. உடலைச் சோரச் செய்து உயிரையே பறிப்பது சூடு. தோலை எரிப்பதும், நாளடைவில் சுருங்கச் செய்வதும், சிலர்க்குப் புற்றுநோய் விளைப்பதும் புற ஊதாக் கதிர் என்பதற்கு இச்சோதனை நல்ல விளக்கமாகும். சாதாரணத் துணித் துண்டொன்று அக்கதிரைத் தடுக்கவல்லது என்பதும் அதனால் விளங்கிற்று.

இவ்வளவு தெளிவான உண்மையை உலகம் உடனே பற்றிக்கொள்ளவில்லை. இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர், இந்நாட்டு வெயிலின் கதிர் மண்டையோட்டையும் துளைத்து மூளையைத் தாக்கும் என நம்பினர். அந்நம்பிக்கையின் சின்னமே ஸோலா தொப்பி. படைவீரர் சிலர் முதுகுத்தண்டைக் காப்பதற்கெனப் பஞ்சு வைத்துத் தைத்த பட்டையும் அணிந்தனர். இரயில்வேயிலும் வெள்ளையரும் ஆங்கிலோ இந்தியருமான அலுவலர் இத்தொப்பியோடு விளங்கிய காலம் ஒன்று இருந்தது. அத்தொப்பி எதனால் ஆனது? நம் நாட்டு நீர்நிலைகளில் வளரும் நெட்டியால்! மாட்டுப்பொங்கலன்று காளைகளின் கழுத்தில் நாம் கட்டும் மாலைக்கும், 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் உரிய அதே நெட்டிதான்.

அச்சத்திற்கு ஓர் எல்லை இல்லை. பிலிப்பைன்ஸ் தீவுகளில் இருந்த அமெரிக்கப் படையினர்க்குச் செம்மஞ்சள் நிற உள்ளாடை அளித்து, அது கதிரைத் தடுக்கிறதா என ஆராய்ந்தனர். பயன் ஏதும் இல்லை என 1910-இல் அறிக்கை வெளியாயிற்று. வெள்ளைத் துரைமார் இங்ஙனம் நடுங்கிய அந்நூற்றாண்டிலேதான், 1867-இல் நாகபுரியை எட்டிய ஜி.ஐ.பி. இருப்புப்பாதையை நம் நாட்டுத் தொழிலாளர், தலையில் சுற்றிய துணியன்றி வேறு காப்பு இன்றி, மண் சுமந்தும் கல் உடைத்தும் அமைத்தனர். இரண்டாம் உலகப் போரோடு தொப்பிக் கொள்கை மறைந்தது. தலைத்துணியோ இன்றும் மறையவில்லை.

இனிக் களிம்பின் கதைக்கு வருவோம். ஐரோப்பாவில் வெயில் காய்ந்து மேனியைச் சிவக்கச் செய்துகொள்வது நாகரிகமான பின்னரே களிம்பும் வாணிபப் பொருளாயிற்று. 1930-களின் நடுவில் பிரான்சில் யூஜின் ஷ்யூலர் வெயில் எண்ணெய் ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தார். ஆல்ப்ஸ் மலையில் ஏறி வெயிலால் புண்பட்ட பிரான்ஸ் கிரெய்ட்டர் என்னும் ஆஸ்திரிய நாட்டவர், 1946-இல் தம் களிம்பை வெளியிட்டார். களிம்பின் ஆற்றலை அளக்க எஸ்.பி.எஃப். என்னும் எண் பின்னர் வந்தது. போதிய அளவு பூசினால், 15 என்னும் எண்ணுடையது தோலைச் சுடும் கதிரில் ஏறக்குறைய 93 விழுக்காட்டையும், 30 என்னும் எண்ணுடையது 97 விழுக்காட்டையும் தடுக்கும்.

நம் பெண்மணிகளின் ஐயம் முற்றிலும் அடிப்படையற்றது என்று கூறுதற்கில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019-இல் களிம்புகளில் சேரும் 16 பொருள்களை எடுத்து ஆராய்ந்தது. துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு ஆகிய இரண்டையும் தீங்கற்றவை எனவும் பயன் தருபவை எனவும் ஏற்க முன்மொழிந்தது, இரண்டை விலக்கியது, ஏனைய பன்னிரண்டிற்கும் மேலும் சான்று வேண்டுமெனக் கேட்டது. சான்று கேட்டமையால் அவை நஞ்சு எனப் பொருளாகாது என்பதை நாம் மறத்தல் கூடாது. பவளப் பாறைகளுக்குக் கேடு நேரும் எனக் கருதி ஹவாய்த் தீவு அரசு 2018-இல் இயற்றிய சட்டப்படி, 2021 முதல் ஆக்ஸிபென்ஸோன் முதலிய இரு பொருள் கலந்த களிம்புகள் அங்கு விலக்கப்பட்டன.

எனின், இயற்கைப் பூச்சுகளின் நிலை யாது? இவற்றுள் தலையாயது பர்மாவின் தனக்கா. மரப்பட்டையை வட்டக் கல்லில் நீர்விட்டு, நாம் சந்தனம் அரைப்பது போலவே அரைத்து, பெண்டிரும் பிள்ளைகளும் கன்னங்களில் பூசிக்கொள்கின்றனர். இம்மரவகைகளுள் ஒன்று நம் சிவன் கோயில்களில் மகாவில்வம் என வளர்க்கப்படுவதேயாகும். கடைகள் 1964-இல் நாட்டுடைமையாக்கப்பட்டதன் பின் பர்மாவினின்று திரும்பிய தமிழர்க்கும், அவர்களுள் மணிப்பூர் எல்லையில் மோரே என்னும் ஊரில் நிலைத்தவர்க்கும் தனக்காவின் மணம் மறவாதது. புற ஊதாக் கதிரை உட்கொள்ளும் மார்மெஸின் என்னும் பொருள் அப்பட்டையில் உண்டு. ஆயினும் மெல்லிய பூச்சாக இடுங்கால் அதன் காப்பு சிறிதே. நமீபியா நாட்டு ஹிம்பா மகளிர் காவிக் கல்லை நெய்யோடு குழைத்து உடலெங்கும் பூசுகின்றனர். காவிக் கல்லுக்குக் கதிரைத் தடுக்கும் திறன் உண்டென 2015-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அவ்வாறு உடல் முழுதும் காவி பூசி நம் பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்வாரா?

தேங்காயெண்ணெயைப் பலரும் புகழ்கின்றனர். சோதனைக் கூடத்தில் கண்ணாடிக் கலத்தில் அளந்தபோது ஏழு எட்டு என்னும் எண்ணை அது பெற்றதாக 2010-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. கலத்தில் அளப்பது வேறு, வியர்வை வழியும் தோலில் நிற்பது வேறு. தோலை வறளாது காக்க அது நன்று. நண்பகல் வெயிலுக்கு அதனை நம்புதல் நன்றன்று.

எலுமிச்சையைப் பற்றி இன்னும் அழுத்தமாகக் கூற வேண்டும். முகம் வெளுக்கும் என்று எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் இறங்கினால், தோல் கொப்புளித்துக் கருந்தழும்பு திங்கள் கணக்கில் நிற்கும். எலுமிச்சையில், சிறப்பாக அதன் தோலில் உள்ள சோராலென் வகைப் பொருள்கள் வெயிலின் கதிரோடு கூடிச் சுடுவதே காரணம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசியிலும் அதே பொருள் உண்டு. சோராலென் என்னும் பெயரே அச்செடியின் இலத்தீன் பெயரினின்று வந்ததாகும். வெண்புள்ளிக்கு வெயிலின் துணைகொண்டு மருத்துவம் செய்ய அதனைப் பயன்படுத்தியதும் இவ்வியல்பு கருதியே. ஆகவே, இயற்கையில் விளைந்தது என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

அங்ஙனமாயின் இயற்கையான காப்பு இல்லையோ? உண்டு. அதனை அரைத்துப் பூச வேண்டுவதில்லை. உடுத்த வேண்டும், பிடிக்க வேண்டும், நேரம் பார்த்து நடக்க வேண்டும். தாழங்குடையும் பனையோலைக் குடையும், உழவனின் முண்டாசும், களை எடுக்கும் பெண்கள் சேலைமேல் அணியும் முழுக்கைச் சட்டையும், இவ்வூரார் முகத்தையும் கழுத்தையும் சுற்றிக் கட்டும் துப்பட்டாவும் எல்லாம் ஒரே கல்வியின் பல பாடங்கள். துணியிலும் வேற்றுமை உண்டு. நெருக்கமாக நெய்த துணி நன்கு காக்கும்; ஒளி ஊடுருவும் மெல்லிய வெள்ளைத் துணி அத்துணை காவாது; நனைந்தால் அதன் காப்பு மேலும் குறையும். வெளுக்காத கோராப் பருத்தி, வெளுத்த பருத்தியைவிடக் கதிரை மிகுதியாகத் தடுக்கும். நேரத்துக்கோ கடிகாரமும் வேண்டா. நம் நிழல் நம்மைவிடக் குறுகியிருக்கும் பொழுது கதிர் வலியது. நீண்டிருக்கும் பொழுது மெலியது.

களிம்பே வேண்டா என்பதன்று நம் கருத்து. வெண்புள்ளி உடையோர், பிறவியிலேயே நிறமியின்றி வெளுத்த மேனியர், லூபஸ் போன்ற நோயுற்றோர், வெயிலில் தோல் கூசச் செய்யும் மருந்துண்போர் ஆகியோர்க்கு அது அலங்காரம் அன்று, மருந்து. அத்தகைய குழந்தையை உடைய பெற்றோர், இயற்கை வழி எனும் ஆர்வத்தால் சந்தனத்தை மட்டும் பூசி மே மாத வெயிலில் அனுப்புதல் பெருந்தீங்கு. மருத்துவரைக் கேட்டுத் துத்தநாக ஆக்ஸைடு கலந்த களிம்பை வாங்குக. அதுவும் மண்ணில் விளைந்த கனிமத்தினின்று பெறப்படுவதே. துத்தநாகத்தை ஆவியாக்கி வடிக்கும் கலையில் நம் நாடு உலகிற்கு முன்னோடி. பிரிஸ்டல் நகரில் வில்லியம் சாம்பியன் 1738-இல் உரிமை பெறுவதற்குச் சில நூற்றாண்டுகட்கு முன்பே, உதயபுரியை அடுத்த ஜாவரில் மண்குழாய் உலைகளால் அதனை வடித்தனர். ஆனால் அப்பொடியை வாங்கி வீட்டில் எண்ணெயில் குழைப்பது ஆகாது. ஓரிடத்தில் திரண்டும் ஓரிடத்தில் இன்றியும் போகுமாதலின், எவ்வளவு காக்கும் என்று எவராலும் கூற இயலாது.

இங்கு மற்றொன்றும் கூறுதல் கடமை. நம் இல்லங்களில் வெயிலுக்கு அஞ்சுவோருட் பலர் புண்ணுக்கு அஞ்சுவோர் அல்லர், கறுப்புக்கு அஞ்சுவோர். பெண்பிள்ளை கறுத்துவிடுவாளே எனும் கவலையே களிம்பையும் எலுமிச்சையையும் தேடச் செய்கிறது. நம் தோலின் கருநிறமே புற ஊதாக் கதிருக்கு இயற்கை அளித்த முதற்குடை. முழுக்காப்பு அன்றெனினும் அது இகழத்தக்கதன்று.

இறுதியாக, நேரம் பார்த்து நடக்கும் வசதி எல்லோர்க்கும் இல்லை. தண்டவாளம் கோடையில் நீண்டு நெளியக்கூடும் ஆதலால், எவரும் வெளிவர அஞ்சும் நண்பகலிலேயே பாதையை நடந்து பார்க்கும் ரோந்துத் தோழர் உளர். விசிறியின் கீழ் அமர்ந்து கணக்கெழுதும் நாம், அவர் நடக்கும் பாதையால் வாழ்கிறோம். அவர்க்கு வேண்டுவன நெருங்கிய நெசவுத் துண்டும், குடிநீரும், ஒதுங்க ஓர் நிழலுமே. நம் முன்னோர் சித்திரையில் தண்ணீர்ப் பந்தல் வைத்தது இது கருதியன்றோ? வரும் கோடையில் நம் சங்கத்தின் பெயரால் காலனி வாயிலில் ஒரு பந்தல் அமையுமாயின், நிழலும் நீருமாகிய இப்பழங்காப்பு இவ்வூரிலும் நிலைபெறும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!