ஏரியில் ஓடம்: தூர் வாரியது முதல் மிதிபடகு வரை

தாம்பரம், சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போவதற்கு இப்போது ஒரு இடம் இருக்கிறது: ஏரிக்கரை. நடக்கிறவர்கள், குழந்தைக்குக் கொக்கு காட்டுகிறவர்கள், பெரிய லென்ஸோடு வந்து நாமக்கோழியைப் படம் பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் கூடுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் பொழுதுபோக்கு என்ற வேலை ஏரிக்கு எப்போது வந்தது? அந்த வேலை ஏரிக்கு நல்லதா? இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

ஏரி என்றால் லேக் இல்லை

ஆங்கிலத்தில் லேக் என்றால் மனதில் வருவது நாலு பக்கமும் கரை உள்ள, வருஷம் பூரா தண்ணீர் நிற்கும் ஒரு நீர்நிலை. நம்ம ஏரி அப்படிப்பட்டது இல்லை. சரிவான நிலத்தின் குறுக்கே வில் மாதிரி வளைத்துப் போட்ட மண்கரை அது. கரை இருப்பது தாழ்ந்த பக்கத்தில் மட்டும்தான். மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். மழையில் தண்ணீர் அந்தப் பக்கம் விரியும், கோடையில் சுருங்கும். சுருங்குவது பழுது அல்ல, அதன் வடிவமைப்பே அதுதான்.

இதற்கு மூன்று உறுப்புகள் முக்கியம். பாசனத்துக்குத் தண்ணீர் விடும் மதகு, நிறைந்தபின் உபரியை வெளியேற்றும் கலங்கல், அந்த உபரியை அடுத்த ஏரிக்குக் கொண்டுபோகும் கால்வாய். கலங்கல் என்ற சொல் ஆங்கிலேயப் பொறியாளர்களின் புத்தகங்களில் 'காலிங்குலா' என்றே ஏறிவிட்டது. அவர்களிடம் அதற்குத் தனிச் சொல் இல்லை போலிருக்கிறது.

என் தொழில் பாஷையில் சொன்னால், ஒவ்வொரு ஏரியும் ஒரு பஃபர். நிரம்பினால் அடுத்ததற்குத் தள்ளிவிடும். தென்சென்னைப் புறநகரில் ஒரு சங்கிலி இப்படிப் போகிறது: செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்புநிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கி. நீங்கள் நடக்கும் ஏரி தனி ஏரி இல்லை, ஒரு வரிசையில் நடுவில் இருக்கும் ஒரு கண்ணி.

முதல் ஓடம்: மண் அள்ள

இந்த மண்டலத்தில் ஏரி வெட்டிய கதை பல்லவர்கள் காலத்திலேயே கல்லில் இருக்கிறது. அரக்கோணம் பக்கம் மகேந்திரவாடியில் உள்ள குடைவரைக் கல்வெட்டு, முதலாம் மகேந்திரவர்மன் பெயரால் அமைந்த மகேந்திர தடாகத்தைச் சொல்கிறது. அது 7ஆம் நூற்றாண்டு.

உத்திரமேரூரை நாம் பெரும்பாலும் குடவோலைக்காக நினைவு வைத்திருக்கிறோம். 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தகச் சோழன் காலக் கல்வெட்டுகள் அவை. அங்கே குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்த குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர், 360 நாள் பதவி. தேர்தல் முறையைப் பாராட்டும் நாம், தேர்தல் எதற்கு நடந்தது என்பதைக் கொஞ்சம் மறந்துவிடுகிறோம். ஏரியைப் பார்த்துக்கொள்ளவும்தான்!

அந்த வட்டாரக் கல்வெட்டுகளில் இன்னொரு செய்தி அழகானது. ஏரியில் மண் அள்ளும் ஓடத்துக்கென்று பொன்னும் நிலமும் அறக்கட்டளையாக வைத்திருக்கிறார்கள். வண்டல் வருஷா வருஷம் வந்து படியும். தண்ணீர் இருக்கும்போதே ஓடத்தில் போய் அள்ளிக் கரையில் போட வேண்டும். ஏரிப் பராமரிப்புக்காக ஒதுக்கிய நிலத்துக்கு ஏரிப்பட்டி என்றே பெயர். அதாவது நம் ஊர் ஏரியில் பதிவான பழைய ஓடங்கள் உல்லாச ஓடங்கள் அல்ல, தூர் வாரும் ஓடங்கள்.

பிளேஸ் துரையின் இரண்டு ஏரிகள்

கம்பெனி ஆட்சி வந்ததும் ஏரி மானியங்கள் மெல்லக் கரைந்தன. ஊர் கூடிச் செய்த குடிமராமத்து தளர்ந்தது. 1858இல் அதைக் கட்டாயமாக்கச் சட்டம் போடும் நிலை வந்தது. வழக்கமாக நடந்த ஒன்றுக்குச் சட்டம் தேவைப்படுகிறது என்றால், அது நின்றுபோய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அதற்கு முன்னால் ஒரு கலெக்டர் கதை. 1794 முதல் 1798 வரை செங்கல்பட்டு ஜாகீரில் இருந்தவர் லயோனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரி உடையாமல் ராமர் காவல் நின்றதை அவர் பார்த்ததாகவும், அதனால் தாயார் சன்னதி கட்டிக்கொடுத்ததாகவும் ஊரில் சொல்லுவாங்க. அங்குள்ள கோயிலுக்கு ஏரி காத்த ராமர் கோயில் என்றே பெயர். பக்கத்திலேயே வேடந்தாங்கல். பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊரார் 1798இல் இதே பிளேஸிடம் கௌல் வாங்கினார்கள்.

வேடந்தாங்கல் மக்கள் பறவை ரசிகர்களாக மட்டும் இதைச் செய்யவில்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். விவசாயம் நடந்தது, பறவை பிழைத்தது, இன்று நாம் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறோம். ஏரியின் வேலை உயிரோடு இருந்ததால் அதன் அழகும் தங்கியது.

இரண்டாவது ஓடம்: பந்தயத்துக்கு

சென்னைக்கு மேற்கே ஒரு பெரிய ஏரி இருந்தது. நுங்கம்பாக்கம் தொடங்கி சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் அதை லாங் டேங்க் என்றார்கள். நம்மவர்களுக்கு அதன் ஒரு பகுதி மாம்பலம் ஏரி. 1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த ஏரியில் படகுப் பந்தயம் நடத்தினார்கள். அன்றைக்கு அது ஊருக்கு வெளியே ஒரு நாள் உல்லாசம்.

அப்புறம் என்ன ஆச்சு? 1920களில் மாம்பலம் ஏரியை வடித்துத் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் வந்தது. இப்போது மிச்சம் இருப்பது பெயர்ப் பலகைகள்: மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு. முகப்பேரில் குடியிருப்புத் திட்டத்துக்கே ஏரித் திட்டம் என்று பெயர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. லாங் டேங்கை ரசித்த ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் அது பிழைக்கவில்லை. ரசிப்பு மட்டும் ஏரியைக் காப்பாற்றாது.

மூன்றாவது ஓடம்: மிதிபடகு

2015 டிசம்பர் மழையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபிறகுதான் புறநகர்க்காரர்களுக்கு ஏரி மறுபடி கண்ணில் பட்டது. சிட்லபாக்கத்தில் குடியிருப்போரே திரண்டு கேட்டு, ஏரியைச் சீரமைக்க வைத்தார்கள். செம்பாக்கத்திலும் சீரமைப்பு நடந்தது. பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சேத்துப்பட்டில் 2016 முதல் படகு சவாரி, தூண்டில் மீன்பிடிப்பு எல்லாம் உண்டு.

வயல் போன பிறகு ஏரிக்கு வேறு ஆதரவாளர் கிடையாது. ஆயக்கட்டு விவசாயி இருந்த இடத்தில் இப்போது வாக்கிங் போகிறவர் நிற்கிறார். எனவே பொழுதுபோக்கைக் கேலி செய்ய மாட்டேன். இன்றைக்கு ஏரி வாரியம் என்று ஏதாவது இருந்தால், அது காலை ஆறு மணிக்குக் கரையில் நடக்கும் கூட்டம்தான்.

சிக்கல் எங்கே என்றால், நடக்க வருகிறவருக்கு வருஷம் பூரா நிறைந்த, நாலு பக்கமும் பாதை போட்ட ஏரிதான் பிடிக்கும். திறந்து கிடக்க வேண்டிய மேட்டுப் பக்கத்தில் மண் கொட்டிப் பாதை போட்டால், வரத்துத் தண்ணீர் நிற்கும் இடமும் குறையும், வருகிற வழியும் அடையும். கால் நனைத்து இரை தேடும் பறவைகளுக்கு வேண்டிய ஆழமற்ற ஓரம் போய்விடும். ஏரி ஒரு தொட்டியாக மாறும்.

இன்னொன்று. மே மாதத்திலும் புறநகர் ஏரி ஒன்று ததும்பி நின்றால் சந்தோஷப்படாதீங்க. மழையில்லாத காலத்தில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம்ம வீட்டுக் கழிவுநீர்தான். பச்சைப் பசேலென்று ஆகாயத்தாமரை மூடியிருந்தால் சந்தேகமே வேண்டாம். கோடையில் கொஞ்சம் வற்றி, வெடித்த தரை தெரியும் ஏரி பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் அதுதான் ஆரோக்கியமான ஏரி.

அடுத்த முறை போகும்போது

கரைமேல் நின்று இரண்டு பக்கமும் பாருங்க. தண்ணீர் இல்லாத பக்கம் தரை தாழ்ந்திருக்கும், அது பழைய ஆயக்கட்டு. அங்கே இருக்கும் தெருக்கள் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கலாம். மதகைத் தேடுங்க. கலங்கலைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கால்வாய் எங்கே போகிறது என்று கால்வாய் ஓரமாகவே நடந்து பாருங்க. எந்த இடத்தில் அது ஒரு கடையின் பின்சுவரிலோ, சிமெண்ட் குழாயிலோ முடிகிறதோ, அந்த இடத்தில்தான் அடுத்த வெள்ளம் தொடங்கும்.

2007இலேயே ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் மாநிலச் சட்டம் வந்துவிட்டது. எல்லைக்கல்லும் ஆவணமும் அரசிடம் இருக்கும். ஆனால் கால்வாய் இன்றைக்கு அடைந்திருக்கிறதா என்று தினமும் பார்க்கும் கண் அந்த வழியில் நடக்கிறவருடையது. புதுப் பெஞ்ச் கேட்டு மனு எழுதும்போது, கலங்கலுக்குக் கீழே உள்ள கால்வாயையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்க.